ஜூன் மாத வீரர்கள்

பதினோராம் கவுண்டரில் இருந்த பெண் கணினியை ஒருமுறை பார்த்தாள், அன்செல்மோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணினியை நம்புவது என்று முடிவு செய்தவளாக, "நீங்க இங்க இல்லையே சார்" என்றாள்.

"இங்கதான் மேடம் நிக்கிறேன். காலையில அஞ்சரைலேர்ந்து."

"நிக்கிறீங்க, அது தெரியுது. ஆனா பதிவுல நீங்க வளைகுடாவுல வேலையில இருக்கீங்க. பாலைத் தாரகை கட்டுமானக் கம்பெனி, சாரம் கட்டுறவர். சரிதானே?"

"அந்தக் கம்பெனி திவாலாயிடுச்சு மேடம். நீங்கதானே எங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க? ஜனவரியில. ஏர்போர்ட்ல பேண்டு வாத்தியமெல்லாம் வச்சீங்களே."

"அது வரவேற்புப் பிரிவு சார். அவங்க வரவேற்கிறதோட சரி. நீங்க வந்துட்டீங்கன்னு பதியறது எங்க பிரிவு. கம்பெனி விடுவிப்புக் கடிதம் குடுத்தாத்தான் நீங்க வந்ததா அர்த்தம்."

"கம்பெனியே இல்லையே மேடம், யாரு குடுப்பா?"

அந்தப் பெண் யோசித்தாள். உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. "கம்பெனி இல்லைன்னு கம்பெனிகிட்டேர்ந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வந்தாலும் போதும்" என்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த அன்செல்மோவின் மனைவி லியோனிலா, கைப்பையைக் கவுண்டரின்மேல் வைத்தாள். "அப்போ இந்த நாலு மாசமா என் வீட்டுல படுத்திருக்கிறது யாரு?"

"அது குடும்ப விவகாரம் மேடம். கவுண்டர் பத்தொம்பது."

மணிலாவில் மே மாதத்து வெயில் கட்டடத்துக்குள்ளும் வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வீரர் பயண வாரியம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களை அந்த நாட்டில் வீரர்கள் என்றுதான் சொல்வார்கள். மேடையில் சொல்வார்கள், தபால்தலையில் சொல்வார்கள், படிவங்களிலும் 'பெயர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வீரரின் பெயர்' என்றுதான் இருக்கும். கவுண்டர்களுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'வீரர்கள் பிறப்பதில்லை. அனுப்பப்படுகிறார்கள்.'

அன்செல்மோவுக்கு நாற்பத்து நான்கு வயது. இலோயிலோ பக்கம் ஒரு கடற்கரை ஊர். பதினோரு வருஷம் வளைகுடாவில் சாரம் கட்டியவன். மற்றவர்கள் ஏறி நின்று கட்டடம் எழுப்புவதற்காக, ஒன்றுமே இல்லாத இடத்தில் முதலில் ஏறி நிற்கிற வேலை. உயரத்துக்கு அவன் பயந்ததே இல்லை. தரையில் நடப்பவைதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

பாலைத் தாரகை விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்கு அழைத்துப்போகும் பேருந்து வரவில்லை. அடுத்த வாரம் எஞ்சினீயர்கள் விடுமுறைக்குப் போனார்கள், அப்படியே போய்விட்டார்கள். பிறகு முகாமின் மேற்பார்வையாளன் டெமெட்ரியோ, அவனும் இவர்கள் நாட்டுக்காரன்தான், சமையலறையைப் பூட்டிச் சாவியோடு போனான். அதற்கப்புறம் தண்ணீர் லாரி நின்றது. எழுநூறு பேர் ஏழு மாதம் அந்தக் கொட்டகைகளில் கிடந்தார்கள். கிரேன் ஓட்டுகிற பெர்னாபே அண்ணன்தான் சோறு பொங்குவார். அடுப்புக்கு விறகு, அன்செல்மோவின் சாரப் பலகைகள். தான் நின்ற பலகைகளை ஒவ்வொன்றாக அவனே உடைத்துக் கொடுத்தான். ஐந்தாவது மாதம் இலாரியோ என்ற வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், எந்தக் கம்பெனியின் பெயரில் அனுப்புவது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இலாரியோவுக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

ஊர் திரும்பியபோது பேண்டு வாசித்தார்கள், 'வீரனே வருக' என்ற துணிப் பட்டையை மார்பின் குறுக்கே மாட்டினார்கள். படம் எடுத்து முடித்ததும் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த விமானத்தில் வருகிறவர்களுக்கு வேண்டுமாம்.

நான்கு மாதம் ஊரில் வேலை தேடினான். இலோயிலோவில் இரண்டு மாடிக்கு மேல் கட்டுகிறவர்கள் குறைவு. இரண்டு மாடிக்கு மூங்கிலும் மச்சானும் போதும். மகள் ஜோனலின் நர்சிங் மூன்றாம் வருஷம் முடித்திருந்தாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. லியோனிலா தைத்துக் கொடுத்தாள், மீன் காயவைத்தாள். ஒன்றும் எட்டவில்லை. அப்போதுதான் புதிய தாரகை என்றொரு கம்பெனி ஆள் எடுக்கிறது, அனுபவசாலிகளுக்கு முன்னுரிமை என்று பெர்னாபே சொல்லி அனுப்பினார். 'தாரகை' என்ற சொல்லைக் கேட்டதும் அன்செல்மோவின் மூக்கில் கருகிய பலகையின் மணம் வந்தது. ஆனாலும் கணவனும் மனைவியுமாகக் கப்பலேறி மணிலா வந்து, லியோனிலாவின் சித்தப்பா மகள் வீட்டில் தங்கினார்கள்.

விடுவிப்புக் கடிதம் ஒருபக்கம் இருக்க, பத்தொன்பதாம் கவுண்டரில் இன்னொன்றும் கேட்டார்கள். தாய்நாட்டில் வெற்றிகரமாகக் காலூன்றிவிட்டான் என்ற சான்றிதழ். அது இல்லாமல் தாய்நாட்டை விட்டுப் போக முடியாது.

"காலூன்ற முடியலைன்னுதானே சார் போறேன்" என்றான் அன்செல்மோ.

"காலூன்ற முடியாதவங்களை அனுப்பினா, வாரியம் அவங்களுக்கு ஒண்ணும் செய்யலைன்னு ஆயிடும்" என்றார் அந்த அதிகாரி. "பயப்படாதீங்க. பின்பக்கம் போங்க. இன்னிக்கு வண்டி வந்திருக்கு."

பின்பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. பொரித்த காடை முட்டை விற்கிற வண்டி. மஞ்சள் குடை, ஒரு வாணலி, வாணலியில் காகிதத்தால் செய்த முட்டைகள். முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கரண்டியைப் பிடித்துச் சிரிக்க, ஒருவர் படம் எடுத்தார். படத்தின் கீழே 'சொந்தத் தொழிலில் வீரர்' என்று அச்சாகி வந்தது.

வரிசையில் முன்னால் நின்ற பெர்னாபே திரும்பினார். "பாத்தியா செல்மோ? நாடு பூரா காடை முட்டை வியாபாரிங்க. வாங்கித் தின்னத்தான் ஆள் இல்ல, எல்லாரும் வளைகுடாவுல இருக்கோம்." சிரித்தால் மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாதது தெரியும். அந்த இரண்டும் முகாமில் போனவை.

அன்செல்மோவின் முறை வந்தது. கரண்டியைப் பிடித்தான். "சிரிங்க சார், லாபம் வந்த மாதிரி" என்றார் படம் எடுப்பவர். ஐந்து நிமிஷத்தில் அவன் காலூன்றிவிட்டான்.

கடிதத்துக்கு வழியைப் புதிய தாரகையின் ஏஜென்டே சொன்னார். மணிலாவின் எர்மிட்டா பகுதியில் ஒரு ஓட்டலின் மூன்றாம் மாடியில் கம்பெனி ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார் என்றார். அன்செல்மோவும் லியோனிலாவும் போனார்கள். கதவைத் திறந்தது டெமெட்ரியோ.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். "அட, அன்செல்மோ!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கை சமையலறைச் சாவியை எடுத்துப் போன கை. "வா, வா. உன் பேரைப் பட்டியல்ல பார்த்ததும் உன் கட்டிலை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். நாலாம் கொட்டகை, ஜன்னலோரம். சரிதானே?"

"அதே கொட்டகையா சார்?"

"பெயின்ட் அடிச்சாச்சு."

பாலைத் தாரகையின் முத்திரை அவன் பையிலேயே இருந்தது. விடுவிப்புக் கடிதத்தில் அதைக் குத்தி, புதிய தாரகையின் பெயர் போட்ட பேனாவால் கையெழுத்திட்டான். பிறகு ஒட்டிய உறை ஒன்றை எடுத்தான். உறையின்மேல் 'தேவைப்படும்போது மட்டும் பிரிக்கவும்' என்று அச்சிட்டிருந்தது.

"இது எல்லாருக்கும் தர்றது. போன தடவை கடிதம் கடிதம்னு அலைஞ்சு திரிஞ்சீங்க பாரு, எனக்கே மனசு கேக்கல. இந்தத் தடவை அந்தச் சிரமமே இருக்காது."

லியோனிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சாவி இப்ப எங்க சார்?"

"எந்தச் சாவி?" என்றான் டெமெட்ரியோ. நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை.

திரும்பும்போது ஷேர் வண்டியான ஜீப்னியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் லியோனிலா உறையைப் பிரித்தாள்.

"தேவைப்படும்போதுதானே பிரிக்கணும்?"

"எனக்கு இப்பத் தேவைப்படுது."

உள்ளே ஒரே தாள். புதிய தாரகையின் முத்திரையோடு, அன்செல்மோ என்கிற சாரம் கட்டும் தொழிலாளியைக் கம்பெனி விடுவிக்கிறது, கம்பெனியின் செயல்பாடுகள் முடிவுக்கு வந்துவிட்டன, பாக்கிகள் ஏதும் இல்லை. கீழே தேதி. வரப்போகும் நவம்பர் ஒன்று.

லியோனிலா அதை இரண்டு முறை படித்தாள். ஜீப்னி மூன்று நிறுத்தம் தாண்டியபிறகு, "அன்னிக்குத்தான் நம்ம ஊர்ல கல்லறைத் திருநாள்" என்று மட்டும் சொன்னாள்.

ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு. விடுவிப்பு ஐந்து மாதத்தில். அன்செல்மோ எவ்வளவு யோசித்தும் இதில் தவறு எங்கே என்று பிடிபடவில்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். "அச்சுப் பிழையில முத்திரை விழுமா?" என்றாள் லியோனிலா. மறுநாள் காலையில் அவளே அவனை வாரியத்தின் இயக்குநரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இயக்குநர் எஸ்பெரான்சா அம்மையார் அன்பானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய அறையில் சுவர் முழுக்க வழியனுப்பும் படங்கள், எல்லாவற்றிலும் அவர் கையசைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்" என்றார். "ஒரு கம்பெனி இவ்வளவு பொறுப்பா நடந்துக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம விழுவாங்க. நாங்க விமானத்துக்கு அலையணும், பேண்டுக்கு அலையணும், பூவுக்கு அலையணும். அதுவும் நவம்பர் ஒண்ணுன்னா பூ கிடைக்கவே கிடைக்காது, எல்லாம் கல்லறைக்குப் போயிடும். இவங்க இப்பவே தேதி குடுத்துட்டாங்க. முன்பணம் கட்டிடலாம்."

"மேடம், ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்கு" என்றான் அன்செல்மோ.

"ஒப்பந்தம்கிறது நம்பிக்கை. இது திட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

லியோனிலா முன்னால் நகர்ந்தாள். "பழைய கம்பெனிக்காரங்கதானே மேடம் பேரை மாத்திட்டு வந்திருக்காங்க? அதே ஆளு, அதே கொட்டகை. ஒருத்தன் செத்திருக்கான் அங்க."

"அனுபவமுள்ள நிறுவனம்" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு தாயைப் போலச் சொன்னார்: "இங்க பாருங்கம்மா. போகாதீங்கன்னு நாங்க சொல்ல முடியாது, போறது உங்க உரிமை. போங்கன்னும் சொல்ல மாட்டோம், அப்புறம் அது எங்க பொறுப்பாயிடும். நாங்க கையசைப்போம். அதுக்குத்தான் எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

"அப்போ புகார் குடுக்கலாமா?"

"தாராளமா. இந்த வாரியத்துல இதுவரைக்கும் ஒரு புகாரைக்கூடத் தீர்க்காம மூடினதில்ல. எதையுமே மூடினதில்ல. எல்லாம் அப்படியே திறந்திருக்கு."

அன்செல்மோவின் கோப்பைத் தானே புரட்டிப் பார்த்தார். "பிள்ளைங்க?"

"ஒரே மகள் மேடம். நர்சிங் படிக்கிறா. இன்னும் ஒரு வருஷம்."

"நர்சிங்கா! ரொம்ப நல்லது." படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஜோனலினின் பெயரை எழுதினார். அந்தக் கட்டத்துக்கு மேலே 'அடுத்த வீரர்' என்று இருந்தது.

"அவ பேரை எதுக்கு எழுதுறீங்க?" லியோனிலா படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. பென்சில்லதான் எழுதுறேன்."

அன்று சாயங்காலம் சித்தப்பா மகளின் வீட்டு வாசலில், துணி காய்கிற கொடிக்குக் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். சோறும் பொரித்த கருவாடும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"போகாம இருந்துடேன்" என்றாள் லியோனிலா.

"இருந்து?"

அவள் கருவாட்டை முள் எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "அஞ்சு மாசம் வேலை இருந்தா, அவ கடைசி வருஷத்துல பாதியைத் தாண்டிடுவா" என்றான்.

"அதுக்கப்புறம் நீ எங்க இருப்பே?"

"கட்டில் ஜன்னலோரம்தான். காத்து வரும்."

அவள் சிரிக்கவில்லை. "மத்தவங்களுக்குத் தெரியுமா செல்மோ? அந்த உறையைப் பிரிச்சிருப்பாங்களா?"

"பிரிக்காதீங்கன்னு எழுதியிருந்தா பிரிக்க மாட்டாங்க. நான்கூடப் பிரிச்சிருக்க மாட்டேன்."

"அப்போ நீ சொல்லணும். உன்கூடப் போற மத்த நாப்பத்தி ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. தெரிஞ்சா ஒருத்தனும் ஏற மாட்டான். ஒருத்தனும் ஏறலைன்னா அவனுங்க என்ன பண்ணுவானுங்க பாப்போம்." அவள் கண்ணில் பல மாதத்துக்கு அப்புறம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதற்காகவே அவன் சரி என்றான்.

ஆனால் சொல்வதற்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒன்றுசேர்ந்த ஒரே நாளான கடைசிப் பயிற்சியில் ஒருவரோடொருவர் பேசவே கூடாது.

அதற்குக் காத்திருப்புப் பயிற்சி என்று பெயர். முன்பெல்லாம் பயணத்துக்கு முந்தைய வகுப்பில் பெட்டி கட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் சொல்லித் தருவார்கள். கம்பெனிகள் அடிக்கடி விழ ஆரம்பித்ததும் வாரியம் பாடத்தை மாற்றிவிட்டது. நாற்பத்து மூன்று பேரையும் கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் போன்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. சோறு இல்லை, தண்ணீர் இல்லை. கழுத்தில் விசிலோடு ஒரு பயிற்சியாளர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார்.

"உதவி எப்ப வரும்னு கேக்கக் கூடாது. கேட்டா அஞ்சு மார்க் போச்சு. கம்பெனி பேரைச் சொல்லித் திட்டினா பத்து. தூதரகம்னு சொன்னா பதினஞ்சு."

பெர்னாபே கையைத் தூக்கினார். "சார், நான் இதைப் போன வருஷம் ஏழு மாசம் பண்ணிட்டேன். எனக்கு விலக்கு கிடையாதா?"

"சான்றிதழ் இருக்கா?"

"பல்லு ரெண்டு இல்லாம இருக்கு."

"அது சான்றிதழ் ஆகாது. உட்காருங்க."

மதியம் இரண்டு மணிக்கு பங்காசினான் மாகாணத்துக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். பயிற்சியாளர் குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கவனிங்க. இவர் யாரையும் கூப்பிடல, கத்தல, தானா விழுந்தார். முழு மார்க்." அன்செல்மோ எழுந்து போய் அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். இடத்தை விட்டு எழுந்ததற்கு அவனுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. வெளியே மனைவிமார் காத்திருந்தார்கள், அவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுவரில் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தைத் தீட்டியிருந்தார்கள். முன்னால் மாலைகள், 'வீரனே வருக' பட்டைகள். திரும்பி வரும் நாளில் அவசரம் அவசரமாகப் படம் எடுத்தால் சரியாக வருவதில்லையாம், ஆகவே திரும்பி வருகிற படத்தைப் போவதற்கு முன்பே எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. களைத்துப் போய், உதடு வெடித்து நின்ற நாற்பத்து மூன்று பேரையும் பார்த்துப் படமெடுப்பவர் மகிழ்ந்தார். "இதான் வேணும். அப்படியே வந்து இறங்கின மாதிரி இருக்கீங்க."

ஒவ்வொரு மனைவியும் கணவனைக் கட்டிக்கொண்டு ஒரு படம். லியோனிலாவும் நின்றாள். விளக்கு மின்னியது.

"சார் கொஞ்சம் அந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார் படமெடுப்பவர், மிகவும் மரியாதையாக. "மேடம் மட்டும் இந்த வெள்ளைச் சுவர் பக்கம் வந்து நில்லுங்க. அந்தக் கறுப்புத் துணியைத் தலையில போட்டுக்குங்க. கீழ பாருங்க."

"எதுக்கு?"

"தேவைப்பட்டா."

அவளுக்கு முன்னால் பதினாறு பெண்கள் அப்படி நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி தலைமுடி சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருந்தாள். லியோனிலா துணியை எடுத்தாள், மடித்தாள், மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"அவர் போறதுக்குச் சம்மதிச்சிருக்கேன்" என்றாள். "வராம இருக்கிறதுக்குச் சம்மதிக்கல."

எழுத்தர் ஒருவர் ஓடிவந்து, கோப்பில் இரண்டு படம் இருந்தால்தான் பயண அனுமதி என்று விளக்கினார். லியோனிலா நகரவில்லை. அவர்கள் மேலே போன் செய்து கேட்டார்கள். கடைசியில், அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் நிற்க வேண்டிய வெற்றுச் சுவரைப் படம் பிடித்துக் கோப்பில் வைத்தார்கள். அன்செல்மோ அந்தச் சுவரையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தான்.

ஜூன் மூன்றாம் தேதி வழியனுப்பு விழா. வாரியத்தின் பெரிய கூடம், வெளியே விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. முன்வரிசைகளில் ஒரே நிறச் சட்டையில் நாற்பத்து மூன்று பேர். பக்கவாட்டில் குடும்பங்கள். பின்னால் நீளமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் அறுபது எழுபது பேர், மடியில் கட்டிய பைகளோடு. அவர்கள் காத்திருப்போர் பட்டியல். யாராவது மயங்கி விழுந்தால், மனசு மாறினால், அந்த இடத்துக்கு.

இயக்குநர் பேசினார். "இந்த வருஷம் நாம அனுப்பினவங்க எண்ணிக்கை, போன வருஷத்தைவிட அதிகம். திரும்பக் கொண்டுவந்தவங்க எண்ணிக்கையும் அதிகம். போறதும் கூடுது, வர்றதும் கூடுது. ஒரு நாடு முன்னேறுதுங்கிறதுக்கு இதைவிட அடையாளம் என்ன வேணும்? சில பேர் கேக்கறாங்க, உள்நாட்டுலயே வேலை குடுத்தா என்னன்னு. குடுக்கலாம். ஆனா வீரர்கள் எங்கேர்ந்து வருவாங்க? இந்த வாரியம் எங்கேர்ந்து வரும்? நான் எங்கேர்ந்து வருவேன்?"

கைதட்டல் எழுந்தது. பிறகு வீரர்களின் சார்பில் நன்றி சொல்ல அன்செல்மோவை அழைத்தார்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியவன் என்பதால் இயக்குநருக்கு அவன்மேல் ஒரு தனிப் பிரியம். தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்தார்கள்.

அவன் படித்தான். வாரியத்துக்கு நன்றி, ஏஜென்டுக்கு நன்றி, காடை முட்டை வண்டிக்கு நன்றி. தாள் முடிந்தது. ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. பக்கவாட்டில் லியோனிலா எழுந்து நின்றிருந்தாள்.

"இன்னொரு விஷயம்" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "உங்க கையில இருக்கிற உறை எனக்கும் குடுத்தாங்க, நான் பிரிச்சுட்டேன். இது பழைய கம்பெனிதான். டெமெட்ரியோதான் அங்கயும் இருக்கான். நவம்பர் ஒண்ணாம் தேதி கம்பெனியை மூடப் போறாங்க. தேதி போட்டு, முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. பாக்கி ஒண்ணும் இல்லைன்னும் எழுதியிருக்காங்க. பிரிச்சுப் பாருங்க."

உறைகள் கிழிகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. காகிதம் விரிகிற சத்தம். இயக்குநர் சிரித்த முகம் மாறாமல் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவன் விரல்விட்டு மாதங்களை எண்ணினான். லியோனிலா இரண்டு கைகளையும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, முதலில் எழுந்து வெளியேறப் போகிறவன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்னாபே எழுந்தார்.

"அக்டோபர் மாசச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இயக்குநர் ஏஜென்டைப் பார்த்தார், ஏஜென்ட் மையமாகத் தலையாட்டினார். "கம்பெனி பரிசீலிக்கும்" என்றார் இயக்குநர்.

"அப்போ முழுசா நாலு மாசம், பரிசீலிச்சா அஞ்சு" என்றார் பெர்னாபே, பக்கத்தில் இருந்தவரிடம்.

"எனக்குப் போன தடவை மூணுதான் கிடைச்சுது" என்றார் அவர்.

"தேதி தெரிஞ்சா நல்லதுதானே. அரிசி கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கலாம்" என்றது இன்னொரு குரல். மயங்கி விழுந்த பங்காசினான்காரர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எழுந்தவர்கள் பின்னால் இருந்தவர்கள்தான். அறுபது எழுபது பேர், பைகளை அணைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி முன்வரிசையைப் பார்த்தார்கள். எங்காவது ஒரு நாற்காலி காலியாகிறதா என்று அந்தக் கண்கள் தேடின. பிறகு எல்லாக் கண்களும் மேடையில் நின்ற அன்செல்மோவின்மேல் வந்து நின்றன.

அவன் இறங்கி வந்தான். லியோனிலா அவன் கையைப் பிடித்தாள். வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தவர் அவர்களை நோக்கி வந்தார். முப்பது வயது இருக்கும், தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார், புதுச் செருப்பு. தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம் முகத்தில் இருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க போறீங்களா, இல்லையா?"

அன்செல்மோ மனைவியைப் பார்த்தான். லியோனிலா பக்கவாட்டு நாற்காலியில் இருந்த அவன் பையை எடுத்து, வாரைச் சரிசெய்து, அவன் தோளில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்கவில்லை.

"போறேன் தம்பி" என்றான்.

அந்த மனிதர் தலையாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. "பரவாயில்ல அண்ணே. டிசம்பர்ல ஒரு குழு போகுதாம், அதுல என் பேரைப் போட்டிருக்காங்க."

"எந்தக் கம்பெனிக்கு?"

"இன்னும் பேர் வைக்கலையாம்."